ஷார்லட் ஏன் சாக வேண்டியிருந்தது

அக்கா மகனுக்கு ஏழு வயது. போன வருஷம் எங்கள் அப்பா இறந்தபோது அவனிடம் யாரும் நேராக எதையும் சொல்லவில்லை. "தாத்தா சாமிகிட்ட போயிட்டார்" என்றார் ஒருத்தர். "ஊருக்குப் போயிருக்கார், வந்துருவார்" என்றார் இன்னொருத்தர். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு பெரியம்மா, "நட்சத்திரமா ஆயிட்டார்டா" என்று மூன்றாவதாக ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனார். மூன்றையும் கேட்டுக்கொண்டான். ஒன்றையும் திருப்பிக் கேட்கவில்லை. பல்லி ஏன் சுவரிலிருந்து விழுவதில்லை என்று அரை மணி நேரம் குடைகிற பிள்ளை அவன்.

இரண்டு மாதம் கழித்து லீவுக்கு வந்தவனுக்கு, ராத்திரி ஒரு அத்தியாயம் என்று 'ஷார்லட்ஸ் வெப்' வாசிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டு போவதுதான் முறை. ஆரம்பிக்கும்போது அதன் முடிவை நான் யோசிக்கவே இல்லை. பாதிப் புத்தகம் தாண்டிய பிறகுதான் உறைத்தது: இருபத்தோராம் அத்தியாயத்தில் ஷார்லட் செத்துப்போகும். அதை வாசிப்பதா, மாற்றிச் சொல்வதா, புத்தகம் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்வதா? அந்தக் குழப்பத்தில், இந்த நாவல் எப்படி எழுதப்பட்டது என்று தேடிப் படித்தேன். இந்தக் குறிப்பு அதிலிருந்து வந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்கக் கிராமம் ஒன்றில் பன்றி குட்டி போடுகிறது. அதில் ஒன்று நோஞ்சான். அப்பா கோடாரியை எடுத்துக்கொண்டு கொல்லப் போகிறார். எட்டு வயது மகள் ஃபெர்ன் சண்டை போட்டு அதைக் காப்பாற்றி, வில்பர் என்று பெயர் வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறாள். கொஞ்சம் வளர்ந்ததும் அது மாமா ஸக்கர்மனின் தொழுவத்துக்குப் போகிறது. அங்கே ஒரு கிழட்டு ஆடு உண்மையைப் போட்டு உடைக்கிறது: உன்னைக் கொழுக்க வைப்பதே கிறிஸ்துமஸ் சமயத்தில் வெட்டத்தான். வில்பர் கதறுகிறது. வாசல் நிலைக்கு மேலே வலை கட்டியிருக்கும் ஷார்லட் என்கிற சிலந்தி, நான் காப்பாற்றுகிறேன் என்கிறது. எப்படி? வலையில் எழுத்துகளை நெய்து, இது சாதாரணப் பன்றி இல்லை என்று எழுதிவிடுகிறது. ஊரே திரண்டு வருகிறது. வில்பர் பிழைக்கிறது. ஷார்லட் முட்டையிட்டுவிட்டு இறந்துபோகிறது.

1952 அக்டோபரில் வந்த புத்தகம். எழுதியவர் ஈ. பி. ஒயிட். 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் கட்டுரைகள் எழுதிப் பெயர் வாங்கியவர். மெயின் மாநிலத்தில் கடலோரமாகப் பண்ணை வாங்கி, 1938-ல் அங்கே குடியேறி ஆடு, கோழி, பன்றி எல்லாம் வளர்த்தார். ஐம்பது வருஷம் கழித்து, 2001-ல் 'பப்ளிஷர்ஸ் வீக்லி' அமெரிக்காவில் அதுவரை அதிகம் விற்ற குழந்தை நூல்களைப் பட்டியல் போட்டபோது, பேப்பர்பேக் பிரிவில் இதுதான் முதலிடம். நாயகி செத்துப்போகிற ஒரு கதையை மூன்று தலைமுறைப் பெற்றோர் காசு கொடுத்து வாங்கி, தூங்கப் போகிற நேரத்தில் பிள்ளைகளுக்கு வாசித்திருக்கிறார்கள். ஏன் என்பதுதான் என் கேள்வி.

பதிலின் முதல் பாதி ஒரு நிஜப் பன்றியிடம் இருக்கிறது. 1947 செப்டம்பரில் ஒயிட்டின் பண்ணையில் ஒரு பன்றிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தீனி எடுக்கவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தார், எனிமா கொடுத்துப் பார்த்தார், டாக்டரை வரவழைத்தார், சில இரவுகள் கூடவே இருந்தார். பன்றி செத்துவிட்டது. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அடுத்த ஜனவரியில் 'அட்லாண்டிக்' இதழில் வந்தது. வேடிக்கையும் துக்கமும் பிரிக்க முடியாமல் கலந்த கட்டுரை. அவருடைய நாய் ஃபிரெட் சாவு வீட்டுப் பெரிய மனிதர் மாதிரி எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறது. ஆனால் கட்டுரையின் நடுவில் அவரை அரிப்பது ஒரு முரண்பாடு. வசந்தத்தில் குட்டியை வாங்கி, கோடை முழுக்கத் தீனி போட்டு, குளிர் வந்ததும் வெட்டுவது என்பது ஊர் வழக்கம். எப்படியும் நானே கொல்லப்போகிற ஒன்று தானாகச் சாகக் கிடக்கும்போது, அதைப் பிழைக்க வைக்க ஏன் இப்படித் தவிக்கிறேன்?

கட்டுரையில் பன்றியைக் காப்பாற்ற முடியவில்லை. கதையில் முடியுமா என்று பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் காப்பாற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

அந்த ஆளை அவர் தன் தொழுவத்திலேயே பார்த்தார். ஓர் இலையுதிர் காலத்தில், அங்கே வலை கட்டியிருந்த பெரிய சாம்பல் நிறச் சிலந்தி ஒன்று முட்டைக்கூடு பின்னிக்கொண்டிருந்தது. பின்னால் அந்தச் சிலந்தியைக் காணோம். ஒயிட் சவர பிளேடை எடுத்து அந்தக் கூட்டை அறுத்தெடுத்து, ஒரு மிட்டாய்ப் பெட்டியில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, நியூயார்க்குக்குக் கொண்டுபோய்ப் படுக்கையறை அலமாரி மேல் வைத்தார். சில வாரம் கழித்து ஓட்டைகள் வழியாகக் குஞ்சுகள் வெளியே வர ஆரம்பித்தன. சீப்பிலிருந்து கண்ணாடிக்கு, கண்ணாடியிலிருந்து நகவெட்டிக்கு என்று கண்ணுக்கே தெரியாத நூல்கள். ஒன்றிரண்டு வாரம் அப்படியே விட்டுவைத்திருந்தார். அறையைத் துடைக்க வந்த அம்மாள் முடியாது என்று சொன்ன பிறகுதான் அந்தக் கண்காட்சி முடிவுக்கு வந்தது. (எங்கள் வீட்டில் அம்மா இருந்திருந்தால் முதல் நாளே விளக்குமாறு பேசியிருக்கும்.)

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. சிலந்திகளைப் பற்றி முறையாகப் படித்தார். கதைக்கு இவ்வளவு தேவையே இல்லை. அது என்ன இனம் என்று கண்டுபிடித்தார்: அரேனியஸ் கவாட்டிகஸ், கொட்டகைகளில் வாழும் சிலந்தி. கதையில் ஷார்லட்டின் முழுப்பெயர் ஷார்லட் ஏ. கவாட்டிகா. அதன் காலில் ஏழு பகுதிகள் உண்டு என்பதும் அவற்றின் பெயர்களும்கூடக் கதையில் வருகின்றன. ஓவியர் கார்த் வில்லியம்ஸ் முதலில் ஷார்லட்டுக்குப் பெண் முகம் வரைந்து பார்த்தார். ஒயிட் ஒத்துக்கொள்ளவில்லை. சிலந்தி சிலந்தியாகவே இருக்கட்டும் என்றார். இன்றைக்கும் அந்தப் படங்களில் ஷார்லட்டுக்கு முகம் என்று சொல்ல ஒன்றிரண்டு புள்ளிதான்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். இந்த மாயக்கதையில் மாயத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, ஆசிரியர் ஓரிடத்தில்கூட அதைத் தாண்டவில்லை. மிருகங்கள் பேசும், சிலந்தி எழுதும். அதுவரைக்கும்தான். சிலந்தி ரத்தம் குடிக்கும். முதல் சந்திப்பிலேயே ஷார்லட் ஓர் ஈயைச் சுற்றிக் கட்டி மயக்குவதைப் பார்த்து வில்பர் அரண்டுபோகிறது. இவ்வளவு கொடூரமான பிராணியுடனா சிநேகம் என்று கவலைப்படுகிறது. ஷார்லட் மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை. என் அம்மாவும் இப்படித்தான், பாட்டியும் இப்படித்தான், நாங்கள் பூச்சி பிடிக்காவிட்டால் உலகமே பூச்சியாகிவிடும் என்று நியாயம் சொல்கிறது. எலி டெம்பிள்டன் கடைசிவரை திருந்துவதில்லை. கூலி இல்லாமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. வேறு குழந்தைக் கதையாக இருந்தால் கடைசி அத்தியாயத்தில் எலி மனம் மாறி அழுதிருக்கும்.

இந்தக் கண்டிப்பால்தான் ஷார்லட் சாக வேண்டியிருக்கிறது. அந்த இனத்துப் பெண் சிலந்தி இலையுதிர் காலத்தில் முட்டையிடும், பிறகு இறந்துவிடும். குஞ்சுகள் வசந்தத்தில் வெளியே வரும். தாய் பிள்ளைகளைப் பார்ப்பதே இல்லை. வில்பரின் சாவு வேறு வகை. அது மனிதர்கள் எடுத்த முடிவு, அதனால் மனிதர்களின் மனதை மாற்றி அதைத் தடுக்க முடியும். ஷார்லட்டின் சாவில் பேசித் தீர்க்க யாரும் இல்லை. வெட்டுக்கத்தியையும் பருவத்தையும் இந்த நாவல் ஒன்றாகக் குழப்பவில்லை. முதல் பக்கத்தில் ஃபெர்ன் அப்பாவின் கோடாரியைப் பிடித்துக்கொண்டு அநியாயம் என்று கத்துகிறாள், கதை அவள் பக்கம் நிற்கிறது. கடைசியில் யாரும் அநியாயம் என்று கத்துவதில்லை. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களுக்கே விளக்குவது கஷ்டம். ஏழு வயதுப் பிள்ளை கதையிலிருந்து தானாக எடுத்துக்கொள்கிறது.

எழுத்துகள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நாவலின் சிரிப்பு முழுக்க அங்கேதான். ஒயிட் இளம் வயதில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஷார்லட் செய்வதும் அப்பட்டமான விளம்பரம்தான். மனிதர்கள் அச்சில் கண்டதை நம்புவார்கள் என்று அதற்குத் தெரியும். முதலில் நெய்வதன் பொருளை நம் பேச்சில் சொன்னால், 'பன்றின்னா இது பன்றி!' என்பது மாதிரி. அடுத்த வார்த்தைகளுக்காக டெம்பிள்டன் குப்பைமேட்டில் கிழிந்த பத்திரிகைகளைப் பொறுக்கிக் கொண்டுவருகிறது. 'மொறுமொறு' என்று ஒரு சொல் வருகிறது. ஐயோ வேண்டாம், சாப்பாட்டு ஞாபகம் வந்துவிடும் என்று ஷார்லட் தள்ளிவிடுகிறது. சோப்புத்தூள் டப்பாவிலிருந்து ஒரு சொல் எடுபடுகிறது. ஸக்கர்மன் வாயடைத்துப்போய் மனைவியிடம் வந்து, நம் பன்றி சாதாரணப் பன்றி இல்லை என்கிறார். அந்த அம்மாள் கேட்கிற கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: சாதாரணம் இல்லாதது சிலந்தியாக அல்லவா இருக்க வேண்டும்? அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஊர் முழுக்கப் பன்றியைத்தான் பார்க்கிறது. கண்காட்சியில் பரிசும் பதக்கமும் பன்றிக்குத்தான். எழுதியவள் உத்தரத்தில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறாள். எழுத்தாளர்கள் இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நெளிவார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு குறை சொல்ல வேண்டும். ஃபெர்ன் கதையில் சரியாக உட்காரவில்லை என்று அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். நியூயார்க் பொது நூலகத்தில் குழந்தை நூல் பிரிவை வளர்த்தெடுத்த ஆன் கரோல் மூர் அவர்களில் ஒருவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒயிட் 1951 ஆரம்பத்தில் முதல் வரைவை முடித்துவிட்டுக் கிடப்பில் போட்டு வைத்திருந்தார். பிறகு திருத்தி எழுதும்போதுதான் ஃபெர்ன் இவ்வளவு இடம் பிடித்தாள், கோடாரிக் காட்சியோடு தொடங்குவதும் அப்போது வந்ததுதான். ஒட்டுப்போட்ட தையல் சில இடத்தில் தெரியத்தான் செய்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், அந்த ஒட்டில்தான் நாவலின் இரண்டாவது இழப்பு இருக்கிறது. வில்பருக்கு உயிர் கொடுத்தவள், தினமும் தொழுவத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மிருகங்கள் பேசுவதைக் கேட்டவள். கண்காட்சியில் வில்பருக்குப் பரிசு கொடுக்கிற நேரத்தில் அவள் மனசெல்லாம் ராட்டினத்திலும் ஹென்றி என்கிற பையனிடமும் இருக்கிறது. ஷார்லட் சாவது அவளுக்குத் தெரியாது. அதற்கப்புறம் தொழுவத்துக்கு அவள் வருவதும் குறைந்துவிடுகிறது. அவள் கெட்டவள் இல்லை, வளர்கிறாள். ஆசிரியர் அவளைத் திட்டுவதும் இல்லை, சமாதானம் சொல்வதும் இல்லை. இதைக் குழந்தைகள் கவனிப்பதில்லை. வாசித்துக் காட்டுகிற பெரியவர்களுக்கு உறைக்கும்.

சரி, இருபத்தோராம் அத்தியாயம். மாற்றாமல் வாசித்தேன்.

கண்காட்சி முடிகிறது. ஷார்லட் 514 முட்டை இட்டிருக்கிறது, தொழுவத்துக்குத் திரும்பத் தெம்பு இல்லை. வில்பர் அழுது புரண்டு, பிறகு முட்டைக்கூட்டையாவது கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதற்கு எலியிடம் பேரம்: கூட்டை எடுத்துக் கொடு, இனி என் தொட்டியில் முதல் சாப்பாடு உனக்கு. கூட்டை வாயில் அடக்கிக்கொண்டதால் வில்பரால் விடைபெறக்கூட முடியாது, பேசினால் கூடு விழுந்துவிடும். கண்ணை மட்டும் சிமிட்டுகிறது. ஷார்லட் மிச்சமிருக்கும் பலத்தைத் திரட்டி ஒரு காலை ஆட்டுகிறது. மறுநாள் மைதானம் காலியாகிறது. கடைகளைப் பிரிக்கிறார்கள், ராட்டினத்தைக் கழற்றுகிறார்கள். அங்கே ஷார்லட் இறக்கிறது. கூட யாரும் இல்லை என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். சொர்க்கம், நட்சத்திரம் எதுவும் இல்லை.

1970-ல் ஒயிட் இந்தப் புத்தகத்தைத் தானே வாசித்துப் பதிவு செய்தார். இந்த இடத்தில் குரல் உடைந்து உடைந்து, பதினேழு தடவை முயன்ற பிறகுதான் முடித்தார் என்று பதிவு செய்தவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுதி இருபது வருஷம் ஆன பிறகு, எழுபது வயதில், தானே உண்டாக்கிய ஒரு சிலந்திக்காக. எனக்கும் அன்றைக்குக் குரல் சரியாக வரவில்லை.

பையன் அழவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தான். பிறகு, "வாயில வச்சிருந்தா முட்டை நசுங்காதா சித்தி?" என்றான். நாக்கு மேல்தான் வைத்திருந்தது, நசுங்காது என்றேன். லைட்டை அணைத்தேன். போர்வைக்குள்ளிருந்து அடுத்த கேள்வி வந்தது.

"தாத்தா சாகறப்ப கூட யாரு இருந்தா?"

செத்துப்போவது என்கிற வார்த்தையை அவன் தாத்தாவுக்குச் சொன்னது அன்றுதான் முதல் முறை. அப்பா ஐசியூவில் இருந்தார், விடிகாலை மூன்று மணி. எங்களை உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் நானும் அக்காவும். உள்ளே ஒரு நர்ஸ் இருந்தார். அதைத்தான் சொன்னேன். நாங்க வெளியே இருந்தோம், உள்ளே ஒரு நர்ஸ் அக்கா இருந்தாங்க. "அவங்க பேரு என்ன?" என்றான். தெரியாது என்றேன். "கேட்டிருக்கலாம்ல" என்றான். கேட்டிருக்கலாம்தான்.

அப்புறம் அரை மணி நேரம் கேள்விகள். ஊருக்குப் போயிருக்கார் என்று சொன்னது யார், அது ஏன் பொய், திரும்ப வரவே மாட்டாரா, அவருடைய செருப்பு ஏன் இன்னும் வாசலில் இருக்கிறது. தெரிந்ததைச் சொன்னேன். காலையில் அக்காவிடம் சொன்னபோது முதலில் கோபப்பட்டாள், சின்னப் பிள்ளைகிட்ட ஏண்டி இதெல்லாம் என்று. அவள் கோபத்திலும் தப்பு சொல்ல முடியாது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நேரத்திலும் இந்தப் புத்தகம் ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவன் இரண்டு மாதமாகக் காத்திருந்தது யாராவது ஒருத்தர் நேராகப் பேச வேண்டும் என்றுதான். அந்த ஆரம்பத்தைப் புத்தகம் செய்து கொடுத்தது, நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

கடைசி அத்தியாயத்தைப் பற்றிக் கொஞ்சம். வசந்தத்தில் 514 குஞ்சுகள் வெளியே வருகின்றன. வில்பருக்கு ஆனந்தம். ஆனால் சில நாளில் ஒவ்வொன்றாக நூல் விட்டு, காற்றில் மிதந்து போய்விடுகின்றன. குட்டிச் சிலந்திகள் நிஜத்திலும் அப்படித்தான் பரவுகின்றன. இந்த இடத்திலும் ஒயிட் உயிரியலைக் கைவிடவில்லை. வில்பர் மறுபடி உடைந்துபோகிறது. மூன்று மட்டும் அங்கேயே தங்குகின்றன. அந்த மூன்றும் ஷார்லட்டுக்கு ஈடு இல்லை என்று கதையே ஒத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த வருஷம் அவற்றின் பிள்ளைகள், அப்புறம் அவற்றின் பிள்ளைகள் என்று வாசல் மேல் எப்போதும் ஒரு வலை இருக்கும், அவ்வளவுதான்.

பையன் இந்த அத்தியாயத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னான், ஷார்லட் செத்ததை இல்லை. அவனுக்குக் கவலையெல்லாம் பறந்து போன 511 பற்றி. எங்கே போய் இறங்கியிருக்கும், மழை பெய்தால் என்ன ஆகும் என்று. ஊருக்குக் கிளம்புகிற அன்று, எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் சுவரில் வெள்ளையாகக் காசு மாதிரி ஒட்டியிருந்த ஒரு சிலந்திக்கூட்டைக் காட்டி, "சித்தி, வெள்ளையடிச்சாலும் இதை எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான். போன வாரம் பார்த்தேன், கூட்டின் ஓரம் பிரிந்து காலியாக இருக்கிறது. போனில் சொன்னேன். எத்தனை வந்தது, எண்ணினாயா என்று கேட்டான்.